ஆறு சிலிண்டரைத் திட்டுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று கிழமையாகப் பெல்மதுளைச் சந்தியில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரே கதைதான். "மாஸ்டர்மாருட மார்க் டூ படுத்திட்டாம். அது ஆறு சிலிண்டர், அப்பிடித்தான். இந்தக் காலத்துல எவன் அத வெச்சிருப்பான்?" ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும்போதும் இதே பேச்சு. தேத்தண்ணிக் கடையிலும் இதே பேச்சு. வாகனத்தின் மூடியைத் திறந்து பார்க்காதவர்கள்கூட அந்த எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆகவே நாங்களும் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிற நான்கு ஆசிரியர்கள். எங்களில் ஒருவருடைய மர்ஹூம் வாப்பா வாங்கிய 1990களின் டொயோட்டா மார்க் டூ அது. அவர் வபாத்தான பிறகு பெற்றோல், டயர், லைசன்ஸ் எல்லாவற்றையும் நால்வரும் பங்குபோட்டு ஓட்டுகிறோம். பெயருக்குத்தான் அது எங்கள் வாகனம். நடு இரவில் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும், ஊரில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலித்தாலும், இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கு எத்தனை தரம் ஓடியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை ஊர் விசயமாக எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். பண்டாரவளையில் ஒரு கலியாணம். பலாங்கொடை தாண்டி, ஹல்துமுல்லையும் கடந்து, பெரகலை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போய்விட்டது. முன்பக்கம் ஆவி. ஓரமாக நிறுத்தினோம். ஒருவாறு இழுத்துக்கொண்டு வந்து ஒரு கராஜில் விட்டோம். எந்தக் கராஜ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "சேர், இது ஆறு சிலிண்டர். சூடாகிறது இதுட கொணம். கழட்டிப் போட்டு நாலு சிலிண்டர் ஒண்டு பூட்டுவம்." சொன்ன விலை எங்கள் நால்வரின் நான்கு மாதச் சம்பளம். பழைய எஞ்சினை இரும்பு விலைக்கு அவர்களே எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் எங்களை யோசிக்க வைத்தது. குணமே கெட்ட எஞ்சின் என்றால் அவர்களுக்கு அது எதற்கு?

முதலில் இந்த எஞ்சினின் குணம் என்ன என்று பார்ப்போம். பெயர் 1ஜி-எப்ஈ. 1ஜி குடும்பம் 1980 வாக்கில் வந்தது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். கொள்ளளவு 1988 சிசி. துளையின் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 75 மில்லிமீற்றர். 24 வால்வுள்ள எப்ஈ வகை 1988இல் வந்தது, சக்தி 135 குதிரை வலு. 1998இல் விவிடி-ஐ சேர்த்துத் திருத்தியபோது அது 160 ஆனது. அடிக்கட்டை வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். கிராங் தண்டை ஏழு பெயரிங் தாங்குகிறது. மார்க் டூ, கிரவுண், சேசர், கிரெஸ்டா என்று ஜப்பானின் டாக்ஸியிலிருந்து முதலாளி வாகனம் வரை கால் நூற்றாண்டு ஓடிய எஞ்சின். சூடாகிச் சாவது அதன் குணமாக இருந்தால் ஜப்பான்காரன் இவ்வளவு காலம் செய்திருப்பானா?

ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங் தண்டு 180 பாகை சுற்றுவதற்கு ஒரு தரம் வெடிப்பு. ஆறில் 120 பாகைக்கு ஒரு தரம். அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று தள்ளு. வெடிக்கும் ஒழுங்கு 1-5-3-6-2-4. முதலாம் பிஸ்டன் மேலே போகும்போது ஆறாவதும் மேலே போகும், இரண்டும் ஐந்தும் சோடி, மூன்றும் நாலும் சோடி. முன்பாதியின் ஆட்டத்தைப் பின்பாதி ஈடுசெய்துவிடும். ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகளைத் தோளில் கைபோட்டு நிற்கவைத்து இந்த ஒழுங்கில் குந்தி எழும்பச் சொன்னால், வரிசை முன்னும் பின்னும் ஆடாது. நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். அதிர்வு குறைந்தால் பெயரிங்கும் நட்டும் போல்ட்டும் நீடிக்கும். நீடித்த உழைப்புக்குக் காரணம் இந்தக் கணிதம்தான்.

இது டொயோட்டாவோடு மட்டும் நின்ற கதையும் இல்லை. 1971இலும் 1973இலும் கிழக்கு ஆபிரிக்காவின் சபாரி ரலியை வென்ற டட்சன் 240இசட்டில் இருந்தது ஒரே வரிசை ஆறு சிலிண்டர்தான். புழுதியும் சேறும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றரும் கொண்ட ஓட்டம் அது. ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் 1948இல் வந்து 1992 வரை தயாரிப்பில் இருந்தது. மெர்சிடிஸ் 1990களின் கடைசியில் இந்த வரிசையைக் கைவிட்டு வி6க்குப் போனது. 2017இல் திரும்ப வரிசை ஆறுக்கே வந்தது. "பழைய குப்பை" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்ன நானாமாருக்கு இது தெரியட்டும்.

அப்படியானால் எங்கள் வாகனம் ஏன் ஏற்றத்தில் நின்றது? இனிச் சொல்வது எங்களுக்கே வெட்கம்.

கராஜிலிருந்து வாகனத்தை எடுத்து, நன்றாகப் பழகிய வேறொரு பாஸிடம் கொண்டுபோனோம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே மாணிக்கக் குழியில் இறைத்த தண்ணீர் மாதிரிச் செம்மண் நிறம். "எத்தன வருசமா பைப் தண்ணி ஊத்துறீங்க சேர்?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாப்பா வபாத்தான நாளிலிருந்து என்றால் ஆறு வருசம். கூலண்ட் ஒரு போத்தல்கூட நாங்கள் வாங்கவில்லை. "குளிர் நாட்டுக்காரனுக்குத்தானே அது" என்று நாங்களே பேசிக்கொண்டோம். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்!

பிறகு தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தைக் கழற்றினார். வெறுமை. எப்போதோ ஒரு சேர்விஸில் யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள். "நம்ம நாட்டுச் சூட்டுக்கு இது தேவல்ல" என்ற புகழ்பெற்ற வைத்தியம்.

இந்த இரண்டு வைத்தியத்துக்கும் எதிராகத்தான் நாங்கள் எழுதுகிறோம். நிதானமாகக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. எஞ்சின் குளிராக இருக்கும்போது மூடியிருக்கும். டொயோட்டாவில் வழமையாக 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றினால் இரண்டு தீமை. ஒன்று, எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். கொம்பியூட்டர் "இன்னும் குளிர்" என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலில் கலக்கும். தேய்மானம் கூடும். 2008 முதல் லைசன்ஸுக்காக எடுக்கிற புகைப் பரிசோதனையில் சில வாகனங்கள் தோற்பதற்கும் இது ஒரு காரணம். மற்றது, பல டொயோட்டா எஞ்சின்களில் அந்தக் கதவு திறக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவருகிற குறுக்கு வழியையும் அடைத்துவிடும். கதவே இல்லாவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரின் ஒரு பங்கு குளிராமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சம தரையில் தெரியாது. பெரகலை ஏற்றத்தில் தெரியும். சூட்டைக் குறைக்கக் கழற்றினோம் என்கிறார்கள்; ஏற்றத்தில் சூட்டைக் கூட்டியது அந்தக் கழற்றல்தான்.

கூலண்ட் உறைபனிக்கு மட்டும் என்பதும் பொய். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. இரும்புக் கட்டையும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அரிப்பு வரும் என்பது விஞ்ஞானப் பாடம். அந்தத் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். மூடி சம்பந்தமாகவும் ஒன்று. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, பிரஷர் குக்கரின் விசில் மாதிரி. சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 118 பாகை வரை கொதிக்காது. எங்கள் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்.

ஆறு சிலிண்டருக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, மறைக்கமாட்டோம். ஹெட் நீளம். அலுமினியம் சூட்டுக்கு இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். நீளமான ஹெட் அளவுமீறிச் சூடானால் வளைகிற வாய்ப்பும் கூட. ஒரு கடதாசித் தாளின் தடிப்பளவு வளைந்தாலே ஹெட் காஸ்கட் பிடிக்காது. எங்களுடையதும் வளைந்திருந்தது. மட்டம் பிடித்துச் சீவி, புதிய காஸ்கட், தெர்மோஸ்டாட், மூடி, டைமிங் பெல்ட், தண்ணிப் பம்ப் போட்டு, ரேடியேட்டரைக் கழுவி, சரியான கூலண்ட் ஊற்றினோம். செலவு, முதலில் கேட்ட தொகையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. வேலை முடிந்து கொம்பிரஷன் பார்த்தபோது ஆறு சிலிண்டருக்கும் இடையில் வித்தியாசம் டொயோட்டா அனுமதிக்கிற 1 கிலோ எல்லைக்குள். இரும்பு விலைக்குக் கேட்கப்பட்ட எஞ்சின் இதுதான்!

இந்த இடத்தில் நம் ஊர்த் தொழிலை நினைத்துப் பாருங்கள். 1970, 80களில் தாய்லாந்து வியாபாரிகள் நம் பக்கம் வந்து கெவுடாக் கல்லை மலிவாக அள்ளிப்போனார்கள். சூளையில் சூடாக்கி நீலக்கல்லாக விற்றார்கள். நமக்கு அது மங்கலான வெள்ளைக் கல். உள்ளே இருந்தது என்னவென்று தெரியாததால் குறைந்த விலைக்குக் கொடுத்தோம். இன்று ஒரு கல்லை வாங்கும்போது "சூடாக்கினதா, பச்சைக் கல்லா, சேர்ட்டிபிகேட் எங்கே" என்று கேட்காத வியாபாரி நம்மில் உண்டா? டோர்ச் அடித்துப் பார்க்கிறோம், லென்ஸ் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் அதே கல் விற்ற சல்லியில் பழைய வாகனம் வாங்கும்போது பெயின்டையும் சீட் கவரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம். கொம்பிரஷன் பார்த்தாயா என்று கேட்டால் முழிக்கிறோம்.

திட்டுகிறவர்களுக்குச் சொன்னது போதும். இனிப் புகழ்கிறவர்களுக்கு.

"ஜப்பான் எஞ்சின், ஒண்டும் செய்யத் தேவல்ல, ஒயில் ஊத்தினா ஓடும்." இதுவும் அதே அளவு பொய். டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றவேண்டும். 1988 முதல் வந்த பழைய எப்ஈயில் பெல்ட் அறுந்தால் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். பிஸ்டனும் வால்வும் முட்டாது. 1998இன் விவிடி-ஐ வகையில் அறுந்தால் வால்வு வளையும். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகிறது. விற்கிறவர் இதைச் சொல்கிறாரா? பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் "இப்பதான்" என்பார். எந்த இப்போது?

குறையை மறைத்து விற்கக்கூடாது என்று இஸ்லாம் பாடத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். மீற்றரைப் பின்னால் திருப்பி விற்பதும், ஹெட்டில் கசிகிற இடத்தைப் பசை பூசி விற்பதும் அந்தப் பாடத்துக்குள் வராதா? நிறுவையில் குறைத்தால் மட்டுமா மோசடி?

தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. டிக்டொக்கில் டூஜேஇசட் வீடியோ பார்த்துவிட்டு, கட்டாரில் உழைக்கிற நானாவிடம் சல்லி அனுப்பச் சொல்லிப் பழைய வாகனம் தேடுகிற நான்கைந்து பேரை எங்களுக்குத் தெரியும். டூஜேஇசட் நல்ல எஞ்சின்தான். 2997 சிசி, 86க்கு 86 மில்லிமீற்றர், வார்ப்பிரும்புக் கட்டை. ஆனால் அந்த வீடியோவில் ஆயிரம் குதிரை வலு எடுக்கிறவன் அதற்குமுன் எத்தனை தரம் பிரித்து அளந்தான் என்பதைக் காட்டுவதில்லை. நம் பாதையில், நம் பெற்றோல் விலையில், அளக்காமல் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது சத்தமும் கடனும்தான்.

பெற்றோல் என்றதும் சொல்வீர்கள், தெரியும். ஆம், குடிக்கும். எங்கள் கொப்பிக் கணக்குப்படி இரத்தினபுரிப் பாதையில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர், நீண்ட ஓட்டத்தில் 10. நாலு சிலிண்டர் சின்னக் கார் இதைவிட நன்றாகத் தரும், மறுக்கவில்லை. 2022 ஜூன் 26ஆம் திகதி ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது நாங்களும் அழுதோம். பிறகு கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். எங்கள் கணக்குக்கு அது 160 கிலோமீற்றர், அதாவது இரத்தினபுரிக்கு நான்கு தரம் போய்வரலாம். அந்த நாட்களில் நான்கும் ஆஸ்பத்திரிக்கே போனது. தினமும் தூர ஓட்டம் ஓடுகிறவர் இதை வாங்கவேண்டாம். நாங்களே சொல்லுவோம். ஆனால் "செலவு கூட" என்பது வேறு, "நம்பமுடியாது" என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு நல்ல எஞ்சினை இரும்புக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருசம் ஊர் முழுக்க ஓடியது பழைய வாகனங்களில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய வாகனத்தின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கோ தோட்டச் சம்பளத்துக்கோ எட்டுகிறதா? இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் ஓடுவான். எஞ்சினை மாற்றினாலும் கதை முடியாது. புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் மாற்றினால் விற்கும் நாளில் மாட்டுவீர்கள்.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் வலிக்கிற விசயம். இந்த எஞ்சினைக் காப்பாற்றிய பாஸின் கராஜில் இரண்டு பொடியன்கள் வேலை செய்கிறார்கள். இருவரும் எங்கள் பழைய மாணவர்கள். ஓஎல் சரிவராதவர்கள். வகுப்பில் "நீ கராஜுக்குத்தான் போவாய்" என்று ஏசப்பட்டவர்கள், ஏசியவர்களில் நாங்களும் உண்டு. அவர்களில் ஒருவன்தான் பீலர் கேஜை ஹெட்டுக்கு அடியில் விட்டு, வளைவை அளந்து, எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அளவை வாசித்தது சரியாக இருந்தது. எங்கள் வகுப்பில் தசமத்தானம் தெரியாது என்று நாங்கள் எழுதிவைத்த பிள்ளை அவன்.

இந்தப் பொடியன்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ரீகண்டிஷன் எஞ்சின் எடுப்போம். ஆனால் ஒரு மணித்தியாலம் இருந்து அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால், "பார்த்ததுக்குமா சல்லி?" என்போம். பார்ப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் எந்தக் கராஜும் பார்க்காது, கழற்றித்தான் போடும். அந்தக் கராஜைக் குறை சொல்லுமுன் இதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஏஎல் தொழினுட்பத் துறை 2013இலிருந்து இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் மோட்டார் மெக்கானிக் பாடநெறியும் என்விகியூ சான்றிதழும் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஏன் போவதில்லை? ஏனென்றால் அதை நாம் தோற்றவர்களின் வேலை என்று சொல்லி வளர்க்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை நான்கு.

1. வாகனத்துக்கு ஒரு கொப்பி போடுங்கள். ஒயில், கூலண்ட், பெல்ட் மாற்றிய திகதியும் கிலோமீற்றரும் எழுதுங்கள். எங்களிடம் இருந்தது பெற்றோல் கணக்கு மட்டும். அதுவே எங்கள் பிழை.

2. தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்கிற யாரிடமும் "ஏன்" என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள். பைப் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம், முகம் வெந்துவிடும்.

3. பழைய வாகனம் வாங்குமுன் கொம்பிரஷன் பாருங்கள். பார்த்தவருக்குக் கூலி கொடுங்கள்.

4. விற்கும்போது குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும், பரவாயில்லை. மறுமையில் பதில் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

போன சனிக்கிழமை நாங்கள் நால்வரும் அதே வாகனத்தில் அதே பெரகலை ஏற்றத்தை ஏறினோம். ஹப்புத்தளை வரை முள் நடுவிலேயே நின்றது. இறங்கி ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தோம். இன்ஷா அல்லாஹ், இரவில் யாருக்காவது அவசரம் என்றால் முன்போலவே கூப்பிடுங்கள். வாகனம் விற்பனைக்கு இல்லை. இரும்பு விலைக்கும் இல்லை.